கேள்வி – பதில்: பச்சை குத்திய கைகள்

இரண்டு இதழ்களுக்கு முன்பு, மாநகரப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்திருந்த ஓர் இளம்பெண்ணின் பின்கழுத்தில் இருந்த சிறிய பறவை டாட்டூவைப் பற்றி, "நன்றாகத்தான் இருந்தது" என்று இப்பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தேன். மழைநீர் வடிகாலைப் பற்றி நான் எழுதிய மூன்று பக்கங்களுக்கு வராத கடிதங்கள் அந்த ஒரு வரிக்கு வந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வீட்டு விவகாரங்கள் கலந்திருப்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

என் மகளுக்கு 23 வயது. சென்ற ஆண்டு மறைந்த என் தந்தையின் கையெழுத்தை, அவருடைய அஞ்சலகச் சேமிப்புப் புத்தகத்திலிருந்து படமெடுத்து, மணிக்கட்டின் உட்புறத்தில் அப்படியே டாட்டூவாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். என் கணவர் இரண்டு வாரங்களாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைவிட அதிகமாகத் திட்டுகிறவர் என் மாமியார். அவருடைய இரண்டு முன்கைகளிலும் கோலமும் புள்ளிகளுமாகப் பச்சை குத்தியிருக்கிறது. கேட்டால், "அது வேறு, இது வேறு" என்கிறார். உண்மையிலேயே வேறா? — வாசகி, மேற்கு மாம்பலம்

வேறுதான். ஆனால் உங்கள் மாமியார் நினைக்கிற விதத்தில் அல்ல.

என் பெரியம்மாவின் இடது கையிலும் அப்படி ஒன்று இருந்தது. முழங்கைக்குச் சற்றுக் கீழே தொடங்கும் ஒரு கோலம், அதற்கு அடியில் ஒரு தேள், தேளுக்குப் பக்கத்தில் ஐந்து புள்ளிகள். நான் சிறுவனாக இருந்தபோதே அந்தக் கோடுகள் ஈரத்தாளில் ஊறிய மையைப்போல அகன்று கலங்கிவிட்டிருந்தன. தேளின் கொடுக்கு எது, கால் எது என்பதை அவர் விரல் வைத்துக் காட்டினால்தான் தெரியும். அதைக் குத்தும்போது அவருக்கு வயது எட்டோ ஒன்பதோ. "பச்சை குத்தலையோ பச்சை" என்று மதிய வேளையில் தெருவில் கூவிக்கொண்டு வந்த குறத்தியைத் திண்ணையில் உட்காரவைத்து, பெரியம்மா அழ அழ, அவருடைய அம்மாவே கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாராம். குத்துகிறவர் வலி மறக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினாராம். கூலியாக ஒரு முறம் நெல்லும் ஒரு பழைய சேலையும் கொடுத்தார்களாம். "தேள் வேணும்னு நீங்களா கேட்டீங்க, பெரியம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "என்னை யாருடா கேட்டாங்க? எங்கம்மாவுக்குப் பிடிச்சிருந்தது, குத்தவச்சாங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நகையெல்லாம் அடகுக்குப் போச்சு. இதை மட்டும் எவனும் எடை போட்டுப் பாக்கலை" என்று சிரித்தார். போகும்போது கூடவே வருவது பச்சை ஒன்றுதான் என்ற நம்பிக்கை அவர் தலைமுறைப் பெண்கள் பலரிடம் இருந்தது.

உங்கள் மாமியாரின் கையில் இருப்பது ஊரும் உறவும் எதிர்பார்த்த பச்சை. அது இல்லாத கையைத்தான் அன்று மூளிக்கை என்றிருப்பார்கள். பேத்தியின் கையில் இருப்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளே யோசித்து, அவளே பணம் கொடுத்து, யாரிடமும் சொல்லாமல் போட்டுக்கொண்டு வந்தது. உங்கள் வீட்டில் நடக்கிற சண்டை தோலைப் பற்றியதன்று, கேட்காமல் முடிவெடுத்ததைப் பற்றியது என்றே எனக்குப் படுகிறது. ஒரு வயதுக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, அது வீறிட்டு அழும்போதே காதில் ஓட்டை போட்டு, வந்தவர்களுக்கு விருந்தும் வைக்கிறவர்கள் நாம். உடம்பில் ஊசி ஏறுவது நமக்கு எந்தக் காலத்திலும் அதிர்ச்சியாக இருந்ததில்லை. ஊசியை யார் அழைத்தார்கள் என்பதில்தான் தகராறு.

உங்கள் கணவரின் கோபத்தையும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். சொல்லியிருந்தால் தடுத்திருப்பார் என்று தெரிந்தே மகள் சொல்லவில்லை. அது அவருக்கும் புரிந்திருப்பதால்தான் இவ்வளவு வருத்தம். அவர் பேசத் தொடங்கும்வரை, ஒரு மாலைப்பொழுது மகளைப் பாட்டியின் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கோலத்தைக் குத்தியது யார், அன்று வலித்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று, முற்றிலும் நடைமுறைச் செய்தி: உங்கள் தந்தையின் அஞ்சலகக் கணக்கு இன்னும் முடிக்கப்படாமல் இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள். மாதிரிக் கையெழுத்து இப்போது ஊர் முழுக்க நடமாடிக்கொண்டிருக்கிறது.

சங்க இலக்கியத்தில் வரும் தொய்யில்தான் இன்றைய டாட்டூ என்று ஒரு பேச்சாளர் எங்கள் பள்ளி மேடையில் முழங்கினார். மாணவர்கள் கைதட்டினார்கள். நான் தட்டலாமா? — தமிழாசிரியர், திருவொற்றியூர்

தட்ட வேண்டாம். தொய்யில் என்பது மகளிரின் மார்பிலும் தோளிலும் சந்தனக் குழம்பு போன்றவற்றால் எழுதிய கோலம். கரும்பும் கொடியும் எழுதியதாகக் கலித்தொகை முதலியவற்றில் படிக்கிறோம். எழுதுகிறவன் பெரும்பாலும் தலைவன். அதில் ஊசியும் இல்லை, நிலைத்து நிற்கும் நோக்கமும் இல்லை. குளித்தால் கரைந்துவிடும் என்பதனால்தான் அதை மறுபடியும் எழுத முடிந்தது. அந்தச் சுகத்தைப் பச்சையோடு குழப்புவது தொய்யிலுக்கே இழுக்கு.

நிலையான குறி வேண்டுமென்றால் வைணவர்களின் பஞ்ச சம்ஸ்காரத்தைச் சொல்லலாம். சங்கு சக்கர முத்திரைகளைக் காய்ச்சித் தோள்களில் ஒற்றிக்கொள்கிறார்கள். சக்கரப் பொறி ஒற்றிக்கொண்டதைப் பெரியாழ்வாரே திருப்பல்லாண்டில் பாடியிருக்கிறார். ஆனால் அங்கே குறியிடுவது நெருப்பு, மையன்று.

பச்சைக்கு நம்மிடம் இருக்கும் விரிவான பழைய பதிவுகளுள் ஒன்று, எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளில் இருக்கிறது. மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகத் திரித்து, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியை எடுத்துத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். நீலகிரியில் தோடர் பெண்கள் மார்பிலும் தோளிலும் கைகளிலும் புள்ளி வரிசைகளாகக் குத்திக்கொண்டதும் அக்காலப் பதிவுகளில் உண்டு.

மேடையில் அவர் சொல்லாமல் விட்ட வரலாறு ஒன்றும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் கடுங்குற்றவாளிகளின் நெற்றியில் பச்சை குத்தினார்கள். 1849-இல்தான் அது ஒழிந்தது. ஒழிந்தது என்று சட்டப் புத்தகம் சொல்கிறது. 1993-இல் அமிர்தசரஸில் நான்கு பெண்களின் நெற்றியில் காவலர்கள் 'ஜேப்கத்ரி', அதாவது பிக்பாக்கெட், என்று குத்தினார்கள்; அந்த வழக்கில் அவர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது 2016-இல். பச்சை குத்தியவர்களைக் கண்டால் இன்னமும் சிலருக்கு ரவுடி என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நிற்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எனக்கு 20 வயது. வலது முன்கையில் காதலியின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன். மத்திய ஆயுதக் காவல் படையில் சேர வேண்டும் என்பது என் கனவு. உடல் தகுதித் தேர்வில் தள்ளிவிடுவார்களா? பெயரை அழித்தால் அவளிடம் என்ன சொல்வது? — வாசகர், ஆவடி

பெயர் தடையன்று, தம்பி. கைதான் தவறான கை. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான மருத்துவத் தகுதி விதிகளின்படி, சமயச் சின்னங்களும் உருவங்களும் பெயரும் பச்சை குத்தியிருப்பது, ராணுவத்தில் உள்ளதுபோலவே, ஏற்கப்படுகிறது. இடத்தைத்தான் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள்: முன்கையின் உட்புறம், அதுவும் சல்யூட் அடிக்காத இடது கையில் மட்டும், அல்லது புறங்கை. அளவு, அந்த உறுப்பின் பரப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். ராணுவத்தின் விதி சற்று வேறு. தங்கள் குல வழக்கப்படி பச்சை குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு அங்கே தளர்வும் உண்டு. எந்தப் படைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ, அந்த ஆண்டின் அறிவிக்கையில் மருத்துவத் தகுதிப் பகுதியைச் சொல் சொல்லாகப் படியுங்கள்.

அழிப்பதாக இருந்தால் தோல் மருத்துவரிடம் லேசர் சிகிச்சைக்குச் செல்லுங்கள். மிகக் குறுகிய நேரத் துடிப்புகளாகப் பாயும் ஒளி மைத்துகள்களை உடைக்கிறது. உடைந்த துகள்களை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுகிறது. ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையில் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் விட வேண்டும், பல முறை செய்ய வேண்டும். கறுப்பு மை எளிதில் போகும். பச்சையும் மஞ்சளும் அடம்பிடிக்கும். ஆக, தேர்வுக்கு முந்தைய மாதம் போய் நின்றால் பயனில்லை, இப்போதே தொடங்குங்கள். யாரோ சொன்னார்கள் என்று சுண்ணாம்பையும் ஆசிட்டையும் தடவித் தேய்த்துவிடாதீர்கள். பெயர் போனாலும் தழும்பு நிற்கும், மருத்துவர் அதற்கும் விளக்கம் கேட்பார்.

காதலியிடம் உண்மையையே சொல்லுங்கள். வேலைக்காக அழித்தேன் என்பது, அவருடைய அப்பாவிடம் பேசப் போகும்போது உங்களுக்குச் சாதகமான வாக்கியமாகவும் இருக்கும்.

பச்சை குத்திக்கொண்டவர்கள் வாழ்நாள் முழுவதும் ரத்ததானம் செய்யக் கூடாதாமே? — கல்லூரி மாணவி, சைதாப்பேட்டை

தவறான செய்தி. குத்திக்கொண்ட நாளிலிருந்து ஓராண்டு பொறுத்திருந்து கொடுக்கலாம். ஊசி வழியாக ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. போன்றவை தொற்றியிருந்தால், தொடக்க வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போக வாய்ப்புண்டு. அதற்காகவே இந்த இடைவெளி. முகாமில் கேட்கும்போது தேதியை மறைக்காமல் சொல்லுங்கள்.

குத்துவது கறுப்பு மைதான். பிறகு ஏன் பச்சையாகிறது? — வாசகர், பல்லாவரம்

கரி தோலுக்குள் போன பிறகும் கரிதான். நாம் அதைத் தோலின் வழியாகப் பார்க்கிறோம் என்பதுதான் வேறுபாடு. தோலின் மேலடுக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவதால், ஊசி அதைக் கடந்து, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள அடுக்கில் மையைச் சேர்க்கிறது. அவ்வளவு ஆழத்திலிருந்து கண்ணுக்குத் திரும்பும் ஒளியில், மேலுள்ள தோல் சிதறடித்த நீலம் மிகுந்திருக்கும். அது நம் தோலின் நிறத்தோடு கலந்து பச்சையாகத் தோன்றுகிறது. சிவப்பு ரத்தம் ஓடுகிற நரம்பு கையில் பச்சையாகத் தெரிவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்.

கரி ஏன் கரைந்துபோவதில்லை என்பது இதைவிடச் சுவையானது. அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது என்று பெருவிழுங்கிச் செல்கள் வந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கின்றன. அந்தச் செல் சாகும்போது துகள் வெளியே விழும், பக்கத்தில் புதிதாக வந்த செல் அதை எடுத்துக்கொள்ளும். எலிகளில் இதைக் காட்டிய ஆய்வு 2018-இல் வெளியானது. அரை நூற்றாண்டாகக் கைமாறிக் கைமாறி, கொஞ்சம் இடமும் மாறியதால்தான் என் பெரியம்மாவின் தேளுக்குக் கொடுக்கு தெரியாமல் போயிற்று.

எனக்கு 68 வயது. 1977 தேர்தலின்போது வலது கையில் இரட்டை இலையைப் பச்சை குத்திக்கொண்டேன். இன்று எந்தக் கட்சியிலும் இல்லை. வருகிற மே மாதம் என் பேத்திக்கு நிச்சயதார்த்தம். "முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி நினைப்பார்கள்" என்று என் மகன் சொல்கிறான். மாப்பிள்ளைப் பையனின் கையிலோ தோளிலிருந்து முழங்கை வரை கழுகு ஒன்று இறக்கை விரித்திருக்கிறது. அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. — வாசகர், ராயபுரம்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நம் ஊரில் இதற்கு இரண்டு வினைச்சொற்கள் புழங்குவதைக் கவனித்திருப்பீர்கள். குளிரூட்டிய அறையில் சாய்வு நாற்காலியில் படுத்தவர் 'டாட்டூ போட்டேன்' என்கிறார். மெரினா மணலில் பாய் விரித்து உட்கார்ந்தவர் 'பச்சை குத்தினேன்' என்கிறார். போடுவது சட்டை போடுவதைப்போல ஒரு விருப்பம். குத்துவதிலோ வலி தெரிகிறது, கூடவே ஆளின் தொழிலும் வருமானமும் பேட்டையும் தெரிந்துவிடுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மாப்பிள்ளையின் கழுகுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகியிருக்கும். அந்த விலை தெரிவதால்தான் அதை யாரும் குறை சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் மகன் வெட்கப்படுவது இலையைக் கண்டன்று. ராயபுரத்தில் ஓர் இளைஞன் வெயிலில் கொடி பிடித்து நடந்த காலத்தைச் சம்பந்தி வீட்டார் பார்த்துவிடுவார்களோ என்றுதான். 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அந்தச் சின்னம் முதன்முதலில் வென்றபோதும், நீங்கள் குத்திக்கொண்ட 1977-இலும், அது பலருக்கு வெறும் வாக்குச் சின்னமாக இருக்கவில்லை. கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளும்படி எம்.ஜி.ஆர். சொன்னபோது தயங்கியவர்களும் அதே கட்சியில் இருந்தார்கள். ஆக, குத்திக்கொண்டவர்கள் எல்லோரும் மந்தையாகப் போய்விட்டார்கள் என்று இன்றைய பிள்ளைகள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2016-இல் ஜெயலலிதாவின் பிறந்தநாளை ஒட்டிச் சென்னையில் தொண்டர்களை வரிசையாக உட்காரவைத்து அவர் உருவத்தைக் குத்தியது எனக்கு உவப்பானதாக இல்லை. மேடை போட்டுக் குத்தும்போது, வேண்டாம் என்று எழுந்து போக எத்தனை பேருக்குத் துணிவிருக்கும்? நீங்களோ தனியாகப் போய்க் குத்திக்கொண்டதாகக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

மே மாதச் சென்னையில் முழுக்கைச் சட்டை உடம்புக்கு ஆகாது. அரைக்கைச் சட்டையே போடுங்கள். மாப்பிள்ளை கழுகைக் காட்டினால் நீங்கள் இலையைக் காட்டுங்கள். அவர் நிச்சயம் கதை கேட்பார்.

சிறுவயதில் கொதிக்கும் சாம்பார் கவிழ்ந்து என் இடது முன்கை முழுவதும் தழும்பு. எனக்கு இப்போது 34 வயது. அதன்மேல் ஒரு தாமரைக்கொடி வரைந்துகொள்ள ஆசை. "பட்ட காயம் போதாதா?" என்று அம்மா கேட்கிறார். — வாசகி, அண்ணாநகர்

கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியை வாசகர்களுக்காக இங்கே எடுத்துக்காட்டுகிறேன்: "30 ஆண்டுகளாக ஆட்டோக்காரர் முதல் அலுவலக மேலாளர் வரை எல்லோரும் 'கையில் என்ன ஆச்சு' என்று கேட்கிறார்கள், ஒருமுறையாவது 'என்ன பூ இது' என்று கேட்கட்டும்." இதற்கு மேல் நான் வாதாட எதுவும் இல்லை. உங்கள் அம்மாவுக்கு அந்தத் தழும்பு, தாம் அடுப்படியில் ஒரு கணம் திரும்பிய நேரத்தின் சாட்சி. அதன்மேல் மறுபடியும் ஊசி ஏறுவதை அவர் எப்படித் தாங்குவார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்த வரியை அவரிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

மருத்துவத்தைப் பொறுத்தவரை, தழும்பு முற்றி நிறம் நிலைபெற்ற பிறகே மை ஏற்ற வேண்டும் என்பார்கள். உங்களுடையது பழையது, அந்தக் கவலை இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கீலாய்டு. காது குத்திய இடத்திலோ தோளில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால், உங்கள் உடல்வாகு அப்படிப்பட்டது என்று கொள்ளலாம். கறுத்த தோலில் அது கூடுதலாகவே வரும். அப்படியென்றால் தாமரையைச் சேலையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அப்படி இல்லையென்றாலும் தோல் மருத்துவரிடம் ஒருமுறை கையைக் காட்டிவிட்டு, ஓரத்தில் ஓர் இதழை மட்டும் போட்டுச் சில மாதங்கள் பொறுத்துப் பாருங்கள். தழும்புத் தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மையை வாங்காது. ஓரிடத்தில் பரவும், ஓரிடத்தில் நிற்காது. அதை அறிந்து கோட்டைத் திருத்தக்கூடிய, தழும்பின்மேல் வரைந்து பழக்கமுள்ள கைக்காரரைத் தேடுங்கள்.

எல்லோருக்கும் பதில் சொல்கிறீர்கள். நீங்கள் பச்சை குத்திக்கொண்டிருக்கிறீர்களா? — வாசகர், பெசன்ட்நகர்

இல்லை. ஆனால் உங்கள் ஊரில்தான் ஒருமுறை அதன் விளிம்புவரை போனேன். வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா நாளில், கடற்கரைக்குப் போகும் வழியில் ஒருவர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கார் பேட்டரியில் ஓடும் சிறிய இயந்திரம். கண்ணாடித்தாள் போட்ட அட்டையில் சிலுவை, வேல், பிறை, இதயம், ரோஜா. எனக்கு முன்னால் ஒரு கட்டடத் தொழிலாளி 'அம்மா' என்று குத்திக்கொண்டு, ரத்தம் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்த கையைத் தானே வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். பாய்க்காரர் ஊசியை ஒரு துணியில் துடைத்தார். அந்தத் துணி காலையிலிருந்து எத்தனை கைகளைத் துடைத்ததோ. அதே ஊசியோடு என்னைப் பார்த்து, "வாங்க சார், என்ன பேரு?" என்றார். புதிய ஊசி உறையைக் கண்முன்னே கிழித்து எடுக்க வேண்டும், மையை ஒவ்வொருவருக்கும் தனிக் குப்பியில் ஊற்ற வேண்டும், கையுறையை மாற்ற வேண்டும் என்று இன்று உங்களுக்கெல்லாம் எழுதுகிற நான், அன்று அதில் ஒன்றைக்கூட அவரிடம் சொல்லவில்லை. "பேரு இன்னும் முடிவு பண்ணலை" என்று மட்டும் சொன்னேன். "யோசிச்சுட்டு வாங்க, பத்து மணி வரைக்கும் இருப்பேன்" என்றார்.